ஏபிஎஸ் விளக்கு எரியும்போது: அறிகுறி வாரியாகப் பழுது கண்டறியும் வழிமுறை

பாளையங்கோட்டையை ஒட்டிய எங்கள் பட்டறைக்கு ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் நின்று சறுக்காமல் காக்கும் அமைப்பு) பழுது என்று வரும் கார்கள் ஆண்டில் இரண்டு பருவங்களில் கூடுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓயும் மார்கழி, தை மாதங்களில் ஈரம் புகுந்த வண்டிகள் வருகின்றன. பிசான நெல் அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு, எலி வயரைக் கடித்த வண்டிகள் வருகின்றன. திசையன்விளை, உவரி, கூடங்குளம் பக்கத்துக் கார்கள் உப்புக்காற்றினால் துருப்பிடித்த கனெக்டர்களோடு ஆண்டு முழுவதும் வருகின்றன. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டதால், சிறிய கார் வைத்திருப்பவர்களும் டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கைச் சந்திக்கிறார்கள்.

விளக்கு எரிந்தவுடன் "யூனிட் போய்விட்டது", அதாவது ஏபிஎஸ்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலான பழுதுகள் யூனிட்டில் இல்லை. சக்கரத்தின் அருகில், அதாவது சென்சார், அதன் வயர், சக்கரத்தோடு சுற்றிச் சென்சாருக்கு வேகத்தைக் காட்டும் ஏபிஎஸ் ரிங், பேரிங் ஆகியவற்றில்தான் இருந்தன. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் யூனிட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிரேக் அழுத்தும்போது ஏதேனும் ஒரு சக்கரம் நின்றுவிடப் போகிறது என்று தெரிந்தால், யூனிட் அந்தச் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை குறைத்துக் கூட்டுகிறது. வருகிற தகவலில் ஐயம் எழுந்தால் அது தன்னை அணைத்துக்கொண்டு விளக்கை ஏற்றுகிறது. ஆகவே எந்தப் பாகம் கெட்டது என்பதை விளக்கை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது.

தொடங்கும் முன்

சாவியை ஆன் செய்தவுடன் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அப்போது அது எரியவே இல்லையென்றால், டேஷ்போர்டில் அந்த விளக்கு கெட்டிருக்கலாம். பழைய கார் வாங்கும்போது இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், ஏனெனில் பழுதை மறைப்பதற்காக விளக்கின் இணைப்பைத் துண்டித்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்கிறது, ஏபிஎஸ் மட்டும் இல்லை என்று பொருள். முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு, நிதானமாக ஓட்டிப் பட்டறை வரை வரலாம். அதனுடன் சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் நிலைமை வேறு. அதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது, முதலில் அதைப் படியுங்கள்.

வீட்டில் சோதிக்க ஒரு மல்டிமீட்டர், ஜாக்கி, ஸ்டாண்டு, டார்ச் ஆகியவை போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை விடக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். வண்டியின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் வாங்குவதாக இருந்தால், அது ஏபிஎஸ் பகுதியையும் படிக்குமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த பல கருவிகள் என்ஜின் பகுதியை மட்டுமே படிக்கின்றன, "பழுது இல்லை" என்று அவை காட்டுவதை நம்பி வண்டியை எடுத்துச் சென்றவர்கள் உண்டு.

அறிகுறி: மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது

பிரேக் விளக்கையும் பேட்டரியையும் முதலில் பாருங்கள்

பெடலை ஒருவர் அழுத்த, பின்னால் நின்று பிரேக் விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். பெடல் அருகிலுள்ள பிரேக் சுவிட்ச் கெட்டால் பல வண்டிகளில் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரியும். அந்தச் சுவிட்சின் விலை மிகக் குறைவு. அடுத்து பேட்டரி. நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட் அளவிலும், என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். பேட்டரி தளர்ந்த வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் விழுந்து விளக்கு எரியும், சிறிது தூரம் ஓடிய பின் அணையும். இதற்காக சென்சார் மாற்றுவது வீண்.

பிறகு ஃபியூஸ்கள். யூனிட்டின் மோட்டாருக்கும் வால்வுகளுக்கும் தனித்தனியே, பெரும்பாலும் 25 முதல் 40 ஆம்பியர் வரையிலான ஃபியூஸ்கள் இருக்கும்; கட்டுப்பாட்டுக்கு மற்றொரு சிறிய ஃபியூஸ் இருக்கும். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். புதிய ஃபியூஸும் எரிந்துவிட்டால் அதைவிடப் பெரியதைப் போடாதீர்கள். வயர் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

எந்தச் சக்கரம் என்பதைக் கண்டுபிடியுங்கள்

ஏபிஎஸ் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பொதுவான குறியீட்டு முறையில் சி0035 இடது முன் சக்கரம், சி0040 வலது முன், சி0045 இடது பின், சி0050 வலது பின். நிறுவனங்கள் தங்களுக்கென வேறு எண்களும் வைத்திருப்பதால் உங்கள் வண்டிக்குரிய பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். இந்த எண் சென்சாரைக் குற்றம் சாட்டவில்லை, அந்தச் சக்கரத்திலிருந்து தகவல் சரியாக வரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அந்தப் பாதையில் சென்சார், வயர், கனெக்டர், ரிங் ஆகிய நான்கும் இருக்கின்றன. எண்ணைப் பார்த்தவுடன் புதிய சென்சார் வாங்கிப் போட்டு, விளக்கு அணையாமல் திரும்பி வந்த வண்டிகளை நான் எண்ணி முடிக்க இயலாது.

சுத்தம் செய்வது முதல் வேலை

டயரைக் கழற்றி, சென்சாரிலிருந்து வரும் வயரைக் கனெக்டர் வரை கையால் தடவிப் பாருங்கள். கிளிப் விட்டுப் போய் டயரில் உரசிய அடையாளம், பல் கடித்த அடையாளம், ஸ்டியரிங் திருப்பும்போது இழுபடும் இடம் ஆகியவற்றைத் தேடுங்கள். பின் சக்கரத்து வயர் வண்டிக்குள் சீட்டுக்கு அடியில் போகும் மாடல்களில் அங்கேயும் எலி கடித்திருக்கும். கனெக்டரைப் பிரித்தால் பச்சைப் பூஞ்சை போலக் களிம்பு தெரிந்தால், எலக்ட்ரிகல் கிளீனர் அடித்து, உலரவிட்டுப் பூட்டுங்கள்.

பிறகு சென்சாரின் முனை. ஒருமுறை திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, "அண்ணாச்சி, யூனிட்டையே மாத்தணும்னு சொல்லிட்டாவ, ஒரு தடவை நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டார். ஸ்கேனர் இடது முன் சக்கரத்தைக் காட்டியது. சென்சாரை வெளியே எடுத்தபோது அதன் முனை முழுவதும் கருமணல் முள் முள்ளாக ஒட்டியிருந்தது. அந்தக் கடற்கரையில் இரும்புத் தாது கலந்த கருமணல் உண்டு. காந்தத்தை மணலில் இழுத்து விளையாடிய பிள்ளைகளுக்கு இது தெரியும். பழைய வகைச் சென்சாரின் முனையில் காந்தம் இருப்பதால், கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டி அந்த மணலையும், பிரேக் பேடிலிருந்து உதிரும் இரும்புத் தூளையும் சேர்த்துக்கொள்கிறது. துணியால் துடைத்துப் பூட்டியதும் விளக்கு அணைந்தது. புதிதாக ஒரு பாகமும் வாங்கவில்லை.

துருப்பிடித்து இறுகிய சென்சாரைத் திருகி இழுத்தால் உடைந்துவிடும். துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு விட்டு, மறுநாள் மெதுவாக ஆட்டி எடுக்க வேண்டும். அது உட்காரும் துளையையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அங்கே துரு பருத்துவிட்டால் சென்சார் சற்று மேலே தூக்கப்பட்டு, ரிங்கிலிருந்து விலகிவிடும். இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவிலான வேலை இது, துருவின் கனமே போதும் தகவலைக் கெடுக்க.

மீட்டர் வைத்துச் சோதித்தல்

சென்சாரில் இரண்டு வகை உண்டு, சோதனையும் இரண்டு விதம். பழைய வகையில் உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறது. கனெக்டரைக் கழற்றி அதன் மின்தடையைப் பார்த்தால் பெரும்பாலும் 800 முதல் 2,000 ஓம் வரை காட்டும். எண் எவ்வளவு என்பதைவிட, அதே அச்சிலுள்ள மறுபக்கச் சென்சாரோடு ஒத்துப்போகிறதா என்பது முக்கியம். மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, சக்கரத்தை நொடிக்கு ஒரு சுற்று என்ற அளவில் கையால் சுழற்றினால் எண் எழுந்து விழ வேண்டும். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது புதிய வகை. அதற்குள் மின்னணுச் சில்லு இருப்பதால் ஓம் சோதனை செய்யக் கூடாது. சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கக் கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மின்சாரம் வராவிட்டால் பழுது யூனிட்டுக்கும் கனெக்டருக்கும் இடைப்பட்ட வயரில் இருக்கலாம்; மின்சாரம் வந்தும் தகவல் இல்லையென்றால் சென்சாரையோ ரிங்கையோ ஐயப்படலாம்.

ஸ்கேனரில் நான்கு சக்கர வேகங்களையும் ஒருசேரப் பார்க்க முடிந்தால், ஒருவர் ஓட்ட மற்றொருவர் பார்க்க, நேரான வெற்றுச் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். மூன்று சக்கரங்கள் 20 காட்ட, ஒன்று 0 காட்டினாலோ தாவித் தாவிக் காட்டினாலோ இடம் உறுதியாகிவிட்டது. ஒன்று மட்டும் சீராகச் சற்று வேறுபட்டால் டயரைப் பாருங்கள். ஸ்டெப்னி வேறு அளவு, அல்லது ஒரு பக்கம் மட்டும் புதிய டயர் என்பதே பல நேரங்களில் காரணமாக இருக்கும்.

வயர் அறுந்திருந்தால் முறுக்கி டேப் சுற்றுவதோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த மழையில் விளக்கு மீண்டும் எரியும். சால்டர் வைத்து, பசை உள்ள சுருங்கும் குழாயால் மூடி, இரு வயர்களும் முன்பு ஒன்றையொன்று முறுக்கிப் போயிருந்தால் அதே முறுக்கோடு விட வேண்டும். சக்கரத்தோடு அசையும் பகுதியில் ஒட்டுப் போட்டால் நெடுநாள் நிற்காது. அங்கே வயரோடு சேர்ந்த புதிய சென்சாரே நல்லது.

ரிங்கும் பேரிங்கும்

இதற்குப் பின்னும் விளக்கு எரிந்தால் செலவு கூடும் பகுதிக்கு வருகிறோம். பல்லுள்ள ரிங்கில் வெடிப்போ உடைந்த பல்லோ இருக்கிறதா என்று சக்கரத்தை மெல்லச் சுற்றி, டார்ச் அடித்து முழு வட்டத்தையும் பாருங்கள். புதிய கார்களில் பல்லுள்ள ரிங்குக்குப் பதிலாக, பேரிங்கின் ஒரு பக்க மூடியிலேயே காந்தப் பட்டை இருக்கிறது; கண்ணுக்கு அது சாதாரண ரப்பர் சீல் போலத் தோன்றும். பேரிங்கைத் தலைகீழாக அடித்து ஏற்றினால் சென்சார் எதிரே காந்தம் இருக்காது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு வண்டியில் இந்தத் தவற்றைச் செய்து, இரண்டு நாள் சென்சாரையும் வயரையும் தேடினேன். அன்று முதல் புதிய பேரிங்கை ஏற்றும் முன் ஒரு பேப்பர் கிளிப்பை அதன் இரு பக்கமும் காட்டிப் பார்க்கிறேன், ஒட்டி இழுக்கும் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். பேரிங் மாற்றம் பிரஸ் உள்ள பட்டறையில் செய்ய வேண்டிய வேலை. சுத்தியலால் அடித்தால் காந்தப் பட்டை நசுங்கும்.

அறிகுறி: விளக்கு விட்டுவிட்டு எரிகிறது

எப்போது எரிகிறது என்பதை ஒரு வாரம் குறித்து வையுங்கள். பட்டறையில் இரண்டு மணி நேரம் தேடுவதை அந்தக் குறிப்பு மிச்சப்படுத்தும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது எரிந்தால் முன் சக்கர வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது; வெளித்தோல் நன்றாகவே இருக்கும். வேகத்தடையில் எரிந்தால் கனெக்டரோ பேரிங்கின் ஆட்டமோ காரணமாக இருக்கலாம். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மழையில் எரிந்து வெயிலில் அணைந்தால் கனெக்டரில் நீர் புகுகிறது. ஏசியும் முகப்பு விளக்கும் போட்டபிறகு எரிந்தால், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் திரும்புங்கள். மீட்டரை வயரில் இணைத்தபடியே வயரை வளைத்து, இழுத்து, ஆட்டிப் பார்ப்பதுதான் இங்கே செய்யத் தக்க சோதனை. அசையாத வயரில் நல்ல எண் வந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம்.

அறிகுறி: மெதுவாக நிறுத்தும்போது பெடல் காலைத் தள்ளுகிறது, விளக்கு எரியவில்லை

நான் மிகவும் அஞ்சும் பழுது இது. வண்ணார்பேட்டை சிக்னலில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்து நிறுத்தும்போது, கடைசி நேரத்தில் பெடல் கடகடவென்று துடித்து வண்டி இரண்டடி முன்னால் நகரும். "பிரேக் அடிச்சா நிக்க மாட்டேங்கு" என்று வருபவர்கள் பேட் மாற்றச் சொல்வார்கள். பேடில் குறை இருக்காது. ஒரு சென்சாரின் தகவல் குறைந்த வேகத்தில் அற்றுப்போவதால், சக்கரம் நின்றுவிட்டது என்று யூனிட் தவறாக எண்ணி அழுத்தத்தைத் தளர்த்துகிறது. யூனிட்டின் கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடப்பதால் விளக்கு எரிவதில்லை.

உறுதிசெய்ய, ஆளில்லாத இடத்தில், சாவியை அணைத்து ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மிக மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். துடிப்பு மறைந்தால் ஏபிஎஸ்தான் காரணம். சோதனை முடிந்தவுடன் ஃபியூஸைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அதைக் கழற்றிவிட்டே வண்டியைத் தொடர்ந்து ஓட்டுவது கூடாது. அடுத்து, மேலே சொன்னபடி சென்சார் முனையையும் துளையிலுள்ள துருவையும் சுத்தம் செய்து, ரிங்கின் வெடிப்பைத் தேடி, பேரிங்கின் ஆட்டத்தைப் பாருங்கள். நான்கு வேகங்களையும் ஸ்கேனரில் வைத்து, 15 கிலோமீட்டரிலிருந்து மெல்ல நிறுத்தினால், மற்ற மூன்றுக்கும் முன்பாகவே எது 0-வுக்கு விழுகிறதோ அதுவே குற்றவாளி. வெடித்த ரிங்கை வெல்டு வைத்து ஒட்டுவது உதவாது, மாற்ற வேண்டும்.

அறிகுறி: வேகத்தில் பிரேக் அழுத்தினால் பெடலும் ஸ்டியரிங்கும் நடுங்குகின்றன

நான்குவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டி 80 கிலோமீட்டரில் பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுக்கம் என்றால் பெரும்பாலும் ஏபிஎஸ் காரணமன்று. டிஸ்க்கின் கனம் சுற்றுக்குச் சுற்று மாறுகிறது, அல்லது டிஸ்க் கோணியிருக்கிறது. செங்கோட்டை மலைப்பாதையில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கிய வண்டிகளிலும், சக்கர நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முறுக்கிய வண்டிகளிலும் இது வரும். ஹப்பின் முகத்திலுள்ள துருவைச் சுத்தம் செய்து, நட்டுகளைக் குறுக்கு வரிசையில் சீராக முறுக்கிய பின்னும் நடுக்கம் இருந்தால், டயல் கேஜ் வைத்து அளக்கும் பட்டறைக்குப் போகலாம். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போய்விட்ட டிஸ்க்கைக் கடைசல் பிடிக்க விடாதீர்கள்.

அறிகுறி: மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிகின்றன

வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் போய்விடக் கூடாது. பேட் மிகவும் தேய்ந்ததால் அளவு இறங்கியிருக்கலாம், அல்லது எங்கோ கசிகிறது. நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும், மாஸ்டர் சிலிண்டரின் அடியையும், யூனிட்டின் குழாய் முனைகளையும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள்.

ஆயில் அளவு சரியாக இருந்தும் இரண்டும் எரிந்தால், முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரேக்கைப் பங்கிடும் இபிடி வசதியும் நின்றுவிட்டது என்று பொருள். இந்த நிலையில் வேகத்தில் அழுத்திப் பிடித்தால் பின் சக்கரங்கள் முதலில் நின்று வண்டி திரும்பிவிடக்கூடும். ஈரச் சாலையில் இது உயிருக்கு ஆபத்து. பேட்டரி, யூனிட்டின் ஃபியூஸ்கள், எர்த் வயர் ஆகியவை வரை நீங்கள் பார்க்கலாம். யூனிட்டின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே, மோட்டார் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் துருப்பிடித்திருக்கிறது. அதற்கு மேல் தேர்ந்தவர்களின் வேலை.

அறிகுறி: பெடல் மெத்தென்று இறங்குகிறது

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் 155 டிகிரி வரை அந்தத் தரம் இறங்குகிறது. பிரேக் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் பெடல் இறங்கும். ஆகவே மலை இறங்கும்போது மட்டும் பெடல் இறங்கினால் ஆயில் பழையது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கி, வெளியே கசிவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர்கள் போயிருக்கக் கூடும். குழாய் கழற்றி வேலை செய்தபின் எவ்வளவு முறை ஏர் எடுத்தும் (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றியும்) பெடல் இறுகாவிட்டால் யூனிட்டுக்குள் காற்று சிக்கியிருக்கிறது. ஸ்கேனரால் யூனிட்டின் மோட்டாரையும் வால்வுகளையும் இயக்கி ஏர் எடுக்கும் வசதி உள்ள பட்டறைக்கே போக வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. அந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் ஏபிஎஸ் விளக்கு அன்றே எரியவில்லை. பலவற்றில் மாதங்கள் கழித்துத்தான் எரிந்தது. நீர் வடிந்தாலும் சேறு கனெக்டருக்குள் தங்கிப் பித்தளையை அரித்துக்கொண்டே இருக்கும். அச்சுக்கு மேல் நீர் ஏறிய வண்டியில், விளக்கு எரியாவிட்டாலும், பேட்டரியைக் கழற்றிவிட்டு நான்கு சக்கரக் கனெக்டர்களையும் யூனிட்டின் பெரிய கனெக்டரையும் பிரித்துச் சுத்தம் செய்துவிடுங்கள். பேரிங்குகளின் இரைச்சலைக் கேளுங்கள். பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுங்கள்.

யூனிட்டை மாற்றச் சொன்னால்

யூனிட்டுக்கு உரிய மின்சாரமும் எர்த்தும் அதன் கனெக்டரில் அளக்கப்பட்டனவா, நான்கு சக்கரத் தகவலும் சரியாக வந்தும் விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். அளந்த எண்களைச் சொல்ல முடியாதவரிடம் யூனிட்டைக் கழற்றக் கொடுக்காதீர்கள். மோட்டாரின் கார்பன் தேய்வது, மின் பலகையின் சால்டர் விடுவது ஆகிய பழுதுகளைச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் அந்த வழியை விசாரிக்கலாம். பழைய யூனிட் வாங்கினால் அதே மாடல், அதே பாக எண் இருக்க வேண்டும். புதியதோ பழையதோ, பல வண்டிகளில் ஸ்கேனர் வழியே பதிவு செய்த பிறகுதான் அது வேலை செய்யும், சறுக்கல் தடுப்பு வசதியுள்ள கார்களில் ஸ்டியரிங் சென்சாரையும் சீரமைக்க வேண்டும்.

பழுது நீங்கியதைச் சோதித்தல்

சில வண்டிகளில் பாகம் சரியான பின்னும், 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும் வரை விளக்கு அணையாது. அதற்குள் பதற வேண்டாம். புறப்பட்டவுடன் யூனிட் தன்னைச் சோதித்துக்கொள்ளும்போது வரும் ஒரு சிறு "டக்" ஒலியும், திடீரென்று முழுதாக அழுத்தும்போது பெடல் துடிப்பதும் பழுதல்ல. துடிக்கும்போது காலை எடுக்காமல் அழுத்தியே பிடிக்க வேண்டும். பழைய குறியீடுகளை அழித்துவிட்டு, முன்னும் பின்னும் ஆளில்லாத ஈரமான சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை முழுதாக அழுத்திப் பாருங்கள். பெடல் துடித்து, ஸ்டியரிங் சொன்னபடி கேட்டு, வண்டி நேராக நின்று, விளக்கும் எரியாமல் இருந்தால் வண்டியை ஒப்படைக்கலாம். பெடல் துடிக்காமல் டயர் இழுபட்ட தடம் சாலையில் தெரிந்தால், விளக்கு அணைந்திருந்தாலும் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. ஃபியூஸிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.